மூன்றாம் அடிக்குறிப்பு

சௌதாமினி டீச்சர் அந்த வரியை முதலில் அழித்தது காலைக் கட்டன்சாயா குடிக்கும்போது. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் வரி பழையபடி அங்கேயே இருந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அழித்தபோது கைபேசித் திரையில் சிவப்புப் பட்டையோடு ஓர் அறிவிப்பு வந்து நின்றது. அவள் தன் வழக்கப்படி அதை ஒரு சொல் விடாமல் சத்தமாகப் படித்தாள்: “நாசவேலையில் ஈடுபட்டதால் இந்தக் கணக்கு ஒரு வாரத்துக்கு முடக்கப்படுகிறது.”

அடுக்களையில் கல்லும்மக்காய் வதக்கிக்கொண்டிருந்த நாணி ஏச்சி தலையை நீட்டினாள். டீச்சரின் அக்கா அவள். எழுபத்திரண்டு வயது. இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கும்.

“யாருடி நாசவேலை பண்ணினது?”

“நான்தான்.”

“போலீஸ் வருமா?”

“வராது ஏச்சி.”

“அப்ப சரி,” என்று ஏச்சி வாணலிக்குத் திரும்பிவிட்டாள்.

வரி இருந்தது இணையக் கலைக்களஞ்சியத்தில், வளப்பில் தம்பானைப் பற்றிய பக்கத்தில். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று சொல்லிக்கொள்ளும் கலைக்களஞ்சியம் அது. ஒரு வரியைத் திருத்திப் பார்த்தால்தான் தெரியும் வாசலில் எத்தனை காவல்காரர்கள் என்று. தம்பானைத் தெரியாதவர்கள் பையனூர்ப் பக்கம் யாரும் இல்லை. இரண்டு முறை சட்டசபைக்குப் போனவர். மேடையில் பேச ஆரம்பித்தால் மிதுன மாச மழையில்கூடக் கூட்டம் குடையை விரித்துக்கொண்டு நிற்கும். அவருடைய பக்கத்தில் ‘இளமை’ என்ற தலைப்பின் கீழ் இப்படி இருந்தது: ‘தெக்கேக்கடவு பீடித் தொழிலாளர் சங்கக் கிளையில் வாசகராக இருந்தார். ஒரு முறை விபத்துச் செய்தியில் சக தொழிலாளிகளின் சகோதரன் பெயர் வந்தபோதும் குரல் நடுங்காமல் பட்டியலை முழுவதும் படித்து முடித்த பிறகே பத்திரிகையைக் கீழே வைத்தார்.’ முதல் வாக்கியத்தின் முடிவில், எழுத்தின் தலைக்கு மேலே, பொடியாக ஒரு மூன்று. அந்த மூன்றைத் தொட்டால் பக்கத்தின் அடிக்குப் போகும். அங்கே ஆதாரம் போட்டிருந்தது: கிளையின் பொன்விழா மலர், 1996, பக்கம் 41, எழுதியவர் சௌதாமினி.

அந்தச் சகோதரனின் பெயர் பவித்ரன். நாணி ஏச்சிக்கும் டீச்சருக்கும் நடுவில் பிறந்தவன். அந்தப் பட்டியலைப் படித்தவள் சௌதாமினி டீச்சர்.

டீச்சர் என்று ஊரே கூப்பிட்டாலும் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது. பதின்மூன்று வயதில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு சங்கம் நடத்திய பீடி சுற்றும் கிளைக்குப் போனாள். அக்காவுக்குக் கை பேசும். இலையை எடுப்பதும் தூளை வைப்பதும் சுற்றி மடித்து நூலைக் கட்டுவதும் ஒரே அசைவாக முடிந்துவிடும். தங்கைக்கு விரல் பத்தும் கட்டைவிரல். அவள் சுற்றிய பீடி ஒன்று வயிறு உப்பி நிற்கும், இல்லாவிட்டால் நூல் கழன்று மடியிலேயே பிரசவித்துவிடும். ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்ற வேண்டிய இடத்தில் முந்நூறு தேறாது. அந்த முந்நூறிலும் பாதியை மேஸ்திரி ஒதுக்கித் தள்ளுவார். இரண்டு வருஷம் அழுதுகொண்டே சுற்றினாள்.

கிளையில் ஒரு வழக்கம் உண்டு. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது பேர் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் உயர்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பார். காலையில் பத்திரிகை, மத்தியானத்துக்குப் பிறகு நாவல். படிக்கிறவருடைய ஆயிரத்தை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி அவர் முறத்தில் போட்டுவிடுவார்கள். பழைய வாசகர் கொத்தனார் வேலைக்குப் போனதும் அடுத்து யார் என்று பேச்சு வந்தது. சுற்றத் தெரியாத ஒரே ஆளை ஸ்டூலில் ஏற்றினால் கிளைக்கு நஷ்டமில்லை என்று மேஸ்திரி வேடிக்கையாகச் சொன்னார். அப்படித்தான் சௌதாமினி வாசகி ஆனாள். ஆன பிறகு, மேஸ்திரி முதல் நாள் விளையாட்டாகச் சொன்னதை ஒருவரும் திரும்பச் சொல்லவில்லை. அவ்வளவு நன்றாகப் படித்தாள்.

வாசகருக்குச் சட்டம் உண்டு. அச்சில் இருப்பதைப் படிக்க வேண்டும். இல்லாததைச் சேர்க்கக் கூடாது. பிடிக்காததை விடக் கூடாது. தேர்தலில் சொந்தக் கட்சி தோற்றதைப் படித்தாலும், எதிர்க்கட்சித் தலைவர் தங்களைத் திட்டியதைப் படித்தாலும் சொல்லுக்குச் சொல் அப்படியே வர வேண்டும். சண்டை எல்லாம் படித்து முடித்த பிறகு. பதினாறு வருஷம் அவள் அந்தச் சட்டத்தை மீறவில்லை. எழுபத்தெட்டில் ஒரு நாள் காலை ஹூப்ளிக்குப் பக்கத்தில் லாரி கவிழ்ந்த செய்தி வந்தது. நாலு பேர் செத்திருந்தார்கள். பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது பெயர் வளையக்கோட்டு பவித்ரன், தெக்கேக்கடவு, கிளீனர். வீட்டுக்குத் தகவல் வருவதற்குமுன் பத்திரிகை வந்துவிட்டது. மூன்றாவது பெயரைப் படித்தாள். நாலாவது ஆளும் யாரோ ஒருத்தியின் அண்ணன்தானே. அந்தப் பெயரையும் படித்தாள். பிறகுதான் பத்திரிகையைக் கீழே வைத்தாள். நாணி ஏச்சி முறத்தோடு எழுந்து நின்றதும் தூள் தரையெல்லாம் சிதறியதும் அங்கே இருந்த நாற்பது பேரும் பார்த்தது.

அந்த நாற்பதில் ஒருவர் தம்பான். கட்சிக்கூட்டங்களில் அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்த பலசரக்குக்கடைக்காரர் மகன். தொழிலாளிகளை அறிய வேண்டும் என்று கிளையில் வந்து சேர்ந்து ஒரு வருஷம் சுற்றினார். சொல்வதற்கென்ன, நன்றாகவே சுற்றினார். வாசகியின் முறத்தில் மற்றவர்கள் இருபதோ முப்பதோ போட்டால் அவர் நூறு போடுவார். பவித்ரனுடைய பதினாறாம் நாள் முடிந்து அவள் திரும்பி வந்தபோது ஒரு வாரத்துக்கு அவளுடைய ஆயிரத்தில் முந்நூறை அவர் ஒருவரே சுற்றினார். அந்த நன்றி அவளுக்கு நெஞ்சில் பதிந்து கிடந்தது. அதைத்தான் பிற்பாடு அவர் வசூலித்தார் என்று நான் சொல்வேன். டீச்சர் அப்படிச் சொல்ல மாட்டாள்.

தொண்ணூற்றாறில் தேர்தல். அதற்குள் கிளை மூடப்பட்டிருந்தது. டீச்சர் எழுத்தறிவு இயக்கத்தில் சேர்ந்து மீன்காரிகளுக்கும் கிழவர்களுக்கும் அட்சரம் சொல்லிக் கொடுத்து டீச்சர் ஆகியிருந்தாள். தம்பான் முதன்முதலாக நின்றார். கடைக்காரன் மகனுக்குத் தொழிலாளி வேஷமா என்று எதிர்த்தரப்பு ஊர் ஊராகக் கேட்டது. கிளை மூடிவிட்டாலும் அதன் ஐம்பதாம் வருஷத்துக்கு அதே வருஷம் சங்கம் ஒரு பொன்விழா மலரைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் தம்பான் டீச்சர் வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்து, கிளையில் படித்தது தான்தான் என்று மலரில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். கிளையில் இருந்தவர்கள் கட்சிக்காக வாயை மூடிக்கொள்வார்கள், ஆனால் வேறு யார் சொன்னாலும் ஊரார் நம்ப மாட்டார்கள், படித்தவளே சொன்னால்தான் நம்புவார்கள் என்றார்.

“இது பொய்தான் சௌதாமினி, நான் இல்லைன்னு சொல்லலை,” என்றார். “ஜெயிச்சதும் நானே மேடையில ஏறி சொல்லிடறேன். படிச்சது நான் இல்லை, அவதான்னு. அன்னைக்கு உனக்கு இதைவிடப் பெரிய பேர்.”

எழுதிக் கொடுத்தாள். ‘தம்பானேட்டன் படிப்பார், நாங்கள் சுற்றுவோம்’ என்று தொடங்கும் ஒரே ஒரு பக்கம். வாழ்க்கையில் அவள் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான். புகைப்படமும் எடுத்தார்கள். மூடிக் கிடந்த கிளையைத் திறந்து, ஸ்டூலில் அவரை உட்காரவைத்துக் கையில் பத்திரிகையைக் கொடுத்து, அவளைக் கீழே முறத்தோடு உட்காரவைத்தார்கள். பத்திரிகையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு அவளே காட்டிக் கொடுத்தாள்.

தம்பான் ஜெயித்தார். மேடைகளும் ஏறினார். டீச்சர் ஆரம்பத்தில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தாள். பிறகு போவதை நிறுத்திக்கொண்டாள். அவருக்கு ஆயிரம் வேலை, மறந்துபோயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்தேழு வருஷம் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவள் அவரை மன்னித்துக்கொண்டிருந்தாள்: மறந்துபோயிருக்கும்.

இப்போது பழைய கிளைக் கட்டடத்தை நினைவு மண்டபமாக்குகிறார்கள். மண்டபக் கமிட்டிச் செயலாளர் ஒரு நாள் வந்து, டீச்சர் சுற்றிய முறம் இருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று கேட்டார். தன் முறத்தில் சுற்றியவர்கள் நாற்பது பேர் என்று அவள் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். வாசலில் பதிக்கப்போகும் கல்லின் வாசகத்தையும் காட்டினார். கலைக்களஞ்சியத்தில் இருந்ததை அப்படியே எடுத்திருந்தார்கள். அப்போதுதான் பவித்ரன் கதையும் அதில் ஏறியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதை அவள் மலரில் எழுதவில்லை. யாருக்கும் கொடுக்கவில்லை. போன வருஷம் ஏதோ ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தம்பானே எடுத்துக்கொண்டது.

படித்தது யார் என்பதை அவள் விட்டுக்கொடுத்தது உண்மை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க அவளுக்கு வாய் வராது. ஆனால் பவித்ரனுடைய பெயரைப் படித்த அந்த நிமிஷம் அவள் கொடுத்ததில் சேர்ந்ததல்ல. அது கல்லில் ஏறக் கூடாது. கல்லில் ஏறாமலிருக்க, பக்கத்திலிருந்து அது போக வேண்டும். செயலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இணையத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கல்லில். கல்தச்சன் கும்ப மாதம் பத்தாம் தேதி வருகிறான். ஒன்றரை மாதம் இருந்தது.

அழித்துப் பார்த்து முடங்கிய பிறகு, முடக்கம் தீர்ந்ததும், திருத்தங்களைப் பற்றி விவாதிப்பதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினாள்: ‘மூன்றாம் அடிக்குறிப்பில் இருக்கும் சௌதாமினி நான்தான். அதில் எழுதியது பொய்.’ இரண்டு நாளில் விநயன் மாஷ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மாதமங்கலத்தில் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவர், கலைக்களஞ்சியத்தில் பன்னிரண்டு வருஷமாக எழுதுகிறவர், அவளை முடக்கியதும் அவர்தான். அதற்கு வந்ததுமே வருத்தம் தெரிவித்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு வாதாடுவதுதான் கஷ்டம்.

முழுக்கதையையும் கேட்டார். ஏச்சியிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். ஏச்சி பவித்ரன் செய்தியைச் சொன்னபோது பேனாவை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்:

“டீச்சர், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா நேர்ல தெரிஞ்சதை நாங்க எடுக்க முடியாது. அச்சுல வந்தது வேணும்.”

“அச்சுல வந்ததே பொய்னு எழுதினவளே சொல்றேனே மாஷே.”

“எழுதினப்போ உங்களுக்கு ஆதாயம் எதுவும் இல்லை. இப்போ இருக்கு. அப்படித்தான் பார்ப்பாங்க.”

அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்மேல் கோபப்பட வழியில்லை. அச்சில் இருப்பதைப் படி, இல்லாததைச் சேர்க்காதே. பதினாறு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் காத்த சட்டத்தைத்தான் அவர் அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை மீறினாள். அந்த ஒரு தடவைதான் ஆதாரமாக நிற்கிறது.

பேச்சுப் பக்கத்தில் மூன்று வாரம் விவாதம் நடந்தது. டீச்சர் தினமும் காலையில் அதை ஏச்சிக்குச் சத்தமாகப் படித்தாள். துபாயில் இருக்கும் ஒருவர், பீடிக் கிளையில் யார் படித்தால் என்ன, யார் சுற்றினால் என்ன, ஒரு சட்டசபை உறுப்பினரின் வாழ்க்கைக்கு இது சம்பந்தமே இல்லை, மொத்தமாகத் தூக்கிவிடலாம் என்றார். டீச்சர் அந்தத் துபாய்க்காரருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். தூக்கிவிட்டால் அவளுக்குப் போதும். ஆனால் கோழிக்கோட்டு அம்மாள் ஒருத்தி, அவருடைய பேச்சுத்திறமைக்கு அஸ்திவாரமே அதுதான், எடுக்கக் கூடாது என்று பிடித்துக்கொண்டாள். ஆதாரம் மூன்று இருக்கிறதே என்றார்கள். மலர், மலரைப் பார்த்து எழுதிய ஒரு வாரப்பத்திரிகைக் கட்டுரை, அந்தக் கட்டுரையைப் பார்த்துக் கேள்வி கேட்ட தொலைக்காட்சிப் பேட்டி. ஒரே பொய் மூன்று சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றது.

“நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தா எத்தனை ஆதாரம்?” என்று ஏச்சி கேட்டாள்.

“ஒண்ணும் இல்லை.”

“நல்ல கணக்கு,” என்றாள் ஏச்சி.

ஒரு வழி இருக்கிறது என்று விநயன் மாஷ்தான் சொன்னார். பக்கம் யாரைப் பற்றியதோ அவரே, எனக்கு இந்தப் பெருமை சேராது என்று அச்சில் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடலாம். யாரும் மறுபேச்சுப் பேச முடியாது.

டீச்சர் இஸ்திரி போட்ட புடவையை உடுத்திக்கொண்டு தம்பான் வீட்டுக்குப் போனாள். பெரிய வீடு, ஆற்றைப் பார்த்த முன்கட்டு. தம்பானுக்கு எழுபத்திரண்டு, முடி மொத்தமும் வெளுத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே. எழுந்து நின்று வரவேற்றார். அவர் மனைவி பழம்பொரி கொண்டுவந்து வைத்தாள். டீச்சர் சுற்றி வளைக்காமல் சொன்னாள். வாசகர் என்பதை வைத்துக்கொள்ளுங்கள், பவித்ரனைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர்கூட வந்தது.

“இப்பல்லாம் எது நடந்தது, எது கேட்டதுன்னே குழம்பிப் போகுது சௌதாமினி. வயசு. யார் யார் பேரெல்லாமோ மறந்துபோகுது. அடுத்த வாரம் பத்திரிகைக்காரங்க பேட்டிக்கு வர்றாங்க. உன் பேரைச் சொல்றேன். கண்டிப்பா சொல்றேன்.”

திரும்பி வரும் வழியில் அவளுக்குப் பறப்பதுபோல இருந்தது. மறந்துதான் போயிருக்கிறார். பாவம், மறதி. இருபத்தேழு வருஷமாகத் தான் நினைத்தது சரிதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் தானாகவே பேச்சுக் கொடுத்தாள்.

பேட்டி ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் முழுப்பக்கம் வந்தது. அவள் ஏச்சிக்குப் படித்தாள். தம்பான் சொன்னபடியே அவள் பெயரைச் சொல்லியிருந்தார். ‘கிளையில் நான் படிக்கும்போது எனக்கு எதிரே சௌதாமினி உட்கார்ந்திருப்பாள். அவளைப்போல பீடி சுற்ற அந்தக் கிளையில் ஆள் கிடையாது. ஆயிரமும் ஒரே அளவாக இருக்கும். அவளுடைய அண்ணன் பெயரைத்தான் நான் அன்று படிக்க நேர்ந்தது.’

படித்து முடித்து இணைப்பை மடித்தாள்.

“கிளையிலேயே நல்ல கை என்னோடதுல்ல?” என்றாள் ஏச்சி. “அதையும் எடுத்து உனக்குக் குடுத்துட்டானா?”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது அது வேறொன்றாக மாறியிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போதும் ஏச்சியிடம், வயசாகிவிட்டது, உன்னையும் என்னையும் மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். ஏச்சி வலது காதையும் கேட்காததாக்கிக்கொண்டாள்.

மாலைக்குள் விநயன் மாஷ் போனில் வந்தார். குரலில் சந்தோஷம். டீச்சர் பெயர் பக்கத்தில் ஏறிவிட்டது என்றார். ‘கிளையின் மிகத் திறமையான பீடித் தொழிலாளி என்று சௌதாமினியைத் தம்பான் நினைவுகூர்ந்துள்ளார்.’ பவித்ரன் வரிக்கு இப்போது இன்னும் ஓர் ஆதாரம் கூடியிருக்கிறது, அதனால் அதை இனி எடுக்க முடியாது என்று சங்கடத்தோடு சேர்த்துக்கொண்டார். கல்தச்சன் சொன்ன தேதியில் வந்தான்.

மண்டபத் திறப்பு மீன மாதம் முதல் ஞாயிறு. போவதில்லை என்றுதான் டீச்சர் இருந்தாள். ஏச்சிதான் புடவையை எடுத்துப்போட்டாள். அங்கே தம்பான் படிக்கப்போகிறானாம், எப்படிப் படிக்கிறான் என்று பார்க்க வேண்டாமா என்றாள். வாசலில் கல் பளபளவென்று இருந்தது. இணையப் பக்கத்திலாவது தலைக்குமேல் ஒரு மூன்று உண்டு, யாராவது தொட்டுப் பார்க்கலாம். கல்லில் அதுவும் இல்லை.

உள்ளே பழைய கிளையைப்போலவே ஜோடித்திருந்தார்கள். நடுவில் ஸ்டூல், அதில் தம்பான், கையில் அன்றைய பத்திரிகை. கீழே பாய்விரித்து எட்டு முறங்கள். பழைய தொழிலாளிகளில் உயிரோடிருந்த எட்டுப் பேரை உட்காரவைத்தார்கள். பேட்டியில் பெயர் வந்ததால் சௌதாமினிக்கு முன்னிடம், தம்பானின் காலடியில். ஏச்சிக்குக் கடைசி முறம். தம்பான் படிக்க ஆரம்பித்தார். பேசுவதில் மன்னர், படிக்கத் தெரியவில்லை. சொற்றொடரின் வால்களை விழுங்கினார். ஒரு செய்தியில் நாலாவது பத்தியை அப்படியே விட்டுவிட்டு ஐந்தாவதற்குத் தாவினார். டீச்சருக்கு உடம்பு கூசியது. சபை கைதட்டியது.

புகைப்படக்காரர்கள் முன்னால் வந்தார்கள். டீச்சர் சுற்ற வேண்டும் என்றார்கள். அவள் இலையை எடுத்தாள். தூளை வைத்தாள். சுற்றினாள். பீடியின் நடுவயிறு உப்பியது. நூலைக் கட்டினாள், கழன்று தூள் மடியில் கொட்டியது. இதைவிடப் பெரிய சாட்சி அவளிடம் இல்லை. எல்லோரும் பார்த்தார்கள். விநயன் மாஷ் மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று பார்த்தார். அவள் இன்னொரு இலையை எடுத்து, வேண்டுமென்று கெடுக்காமல், தனக்கு வந்த மட்டும் ஒழுங்காகச் சுற்றினாள். அதுவும் பிரிந்தது.

தம்பான் சிரித்தார். ஒலிபெருக்கியில் சபைக்குச் சொன்னார்: “வயசு யாரை விட்டது? எப்பேர்ப்பட்ட விரல் தெரியுமா இது.”

கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. அவர் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்டூலிலிருந்து குனிந்தார். அவள் முறத்திலிருந்து ஓர் இலையை எடுத்தார். தூள், மடிப்பு, நூல். ஒரு நொடியில் அளவான பீடி ஒன்று. அதை அவள் முறத்தில் போட்டார். இன்னொன்று எடுத்தார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் செய்த அதே வேகம். குனிந்தபடியே, அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்:

“இன்னைக்கும் உன் பங்கை நான்தான் சுத்த வேண்டியிருக்கு. ஒரு நாளாவது உனக்கு இது வந்திருக்கா?”

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பழைய சிநேகிதனின் கேலிதான் அந்த முகத்தில் இருந்தது. குற்றம் செய்தவனின் முகமாக இருந்திருந்தால்கூட ஆறியிருப்பாள்.

“அப்ப உங்களுக்கு எதுவும் மறக்கலை,” என்றாள்.

“எப்படி மறக்கும் சௌதாமினி?” என்றார் தம்பான். “நீ பவித்ரன் பேரைப் படிச்சது இன்னும் என் காதுல இருக்கு.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து மைக்கை இழுத்துக்கொண்டார்.

அவள் முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். அவர் சுற்றிய இரண்டு பீடிகளும் அதில் கிடந்தன. எழுந்து நடந்தாள். ஏச்சி கடைசி முறத்திலிருந்து, சுற்றிக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தாள். விநயன் மாஷ் வாசலுக்கு ஓடிவந்தார். அவருக்கு முகம் வெளுத்திருந்தது.

“உங்க கையைப் பார்த்தேன் டீச்சர். அவர் கையையும் பார்த்தேன். நான் நம்பறேன்.”

“நீங்க நம்பறதை எந்த அடிக்குறிப்புல போடுவீங்க மாஷே?”

அவர் வாசல் கல்லைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கல்லைத் தாண்டி அக்காவும் தங்கையும் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள்.

மறுநாள் காலை பத்திரிகை வந்தது. ஏச்சி சாயாவோடு வந்து, வலது காதை இந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். நேற்றுத் தம்பான் குனிந்து சொன்னதை டீச்சர் அவளிடம் சொல்லியிருந்தாள். பஸ்ஸில் ஏச்சி தங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஐந்தாம் பக்கத்தில் படம் இருந்தது. நல்ல படம். தம்பான் குனிந்து சௌதாமினியின் முறத்தில் பீடி போடுகிறார். அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கிளையில் நடந்ததை அப்படியே எடுத்த ஒரே படம் அதுதான். டீச்சர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பத்திரிகையைத் தூக்கிப் பிடித்து, படத்துக்குக் கீழே இருந்ததை ஸ்டூலில் உட்கார்ந்து படித்த குரலில் படித்தாள்:

“தெக்கேக்கடவு பீடித் தொழிலாளர் நினைவு மண்டபத் திறப்பு விழாவில், முதுமையால் விரல் தளர்ந்த சக தொழிலாளி சௌதாமினிக்கு உதவுகிறார் கிளையின் முன்னாள் வாசகர் வளப்பில் தம்பான்.”

“அப்படியா போட்டிருக்கான்?” என்றாள் ஏச்சி.

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“அதைப் படிக்காம விட்டிருக்கலாமேடி.”

டீச்சர் பக்கத்தைத் திருப்பி, ஆறாம் பக்கத்தில் முதல் செய்தியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.